சார்ஜர் ஒயர் நீளத்தில் ஒரு பகல்

எங்கள் மில்லில் பூட்டுக்குக் குறைச்சலே கிடையாது. கிடங்குக்குத் தனி, ஷட்டருக்குத் தனி, எண்ணெய் டின் அடுக்கும் அறைக்குத் தனி. சாவிக்கொத்து பகலில் என் இடுப்பில் இருக்கும், ராத்திரி தலையணைக்கு அடியில் இருக்கும். போதாததற்குக் கேமராவும் வைத்தோம். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆட்டி எண்ணெய் எடுக்கும் தொழிலில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். நான் பார்க்காமல் ஒரு மூட்டை உள்ளே வராது, வெளியே போகாது. ஈரக் காயைக் காய்ந்த காய் என்று தள்ளிவிடப் பார்த்தவர்களுக்கு என் வாயைப் பற்றி நன்றாகவே தெரியும். "என்னை ஏமாத்தணும்னா அதுக்குன்னு ஒருத்தன் பொறந்து வரணும்" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வேன். அவன் எப்போதோ பிறந்து, வளர்ந்து, போலீஸ் உடுப்பும் தைத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்திருக்கிறான். எனக்குத்தான் தெரியவில்லை.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கல்யாண வரவேற்புக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, பந்தி வாசனையை மட்டும் முகர்ந்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் நாங்கள். பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால் அது ஒரு கஷ்டமாகவும் தெரிவதில்லை, பெருமையாகவும் தெரிவதில்லை. என் வீட்டுக்காரர் விழுப்புரம் போனாலும் சரி, அதைத் தாண்டிப் போனாலும் சரி, வெயில் இருக்கும்போதே வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். அவர் கை கால் கழுவிக்கொண்டு வரும்போது தட்டு வைத்திருப்பேன். எங்களுக்குள் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் அந்தத் தட்டு மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

அன்று அவர் விழுப்புரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு, அப்படியே கண்டாச்சிபுரம் பக்கம் போய்ப் புதுக் காய் பார்த்துவருவதாகச் சொல்லிக் காலையிலேயே கிளம்பிவிட்டார். அவருடைய போன் பழைய போன். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கி அணைந்துவிடும். புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றால், "இது பேசுது இல்ல, அப்புறம் இன்னா" என்பார். ஆனால் மில்லின் பாங்குக் கணக்குக்கு வருகிற ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்குத்தான் வரும். நான் கணக்கு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவர் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எண்களை ஏலம் விடுகிற மாதிரி உரக்கச் சொல்வார். மில் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் இன்னும் உரக்க. காய் பொறுக்குகிற பெண்களும் லாரிக்காரர்களும் எங்கள் ஓடிபியைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பார்கள். பூட்டுப் பூட்டாகப் போட்டுவைத்த எங்களுக்கு, நாங்கள் கத்துவதும் ஒரு சாவிதான் என்று தோன்றவேயில்லை.

அவர் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், நான் கணக்கு அறையில் இருந்தபோது, வாட்ஸ்அப்பில் எனக்குப் போன் வந்தது. என் பேரில் வாங்கிய ஒரு சிம்மிலிருந்து மோசமான காரியங்கள் நடந்திருப்பதாகவும், வடக்கே ஒரு பெரிய நகரத்தில் வழக்குப் பதிவாகியிருப்பதாகவும் ஒரு ஆண் குரல் சொன்னது. திருத்தமான தமிழ், செய்தி வாசிப்பது போல. வார்த்தைக்கு வார்த்தை மேடம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "காலங்காத்தால உங்களுக்கு வேற வேல கெடைக்கலையா" என்று வைக்கப் போனேன்.

"வைக்காதீங்க மேடம்" என்றான். பிறகு என் முழுப் பெயரைச் சொன்னான். என் அப்பா பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், கதவிலக்கம், தெரு, எல்லாம் சொன்னான். "அடுத்த மாசம் வடக்க கிளம்புறீங்க. கூட உங்க வீட்டுக்காரரு, பொண்ணு. கேஸ் வர்றது தெரிஞ்சுதான் ஓடப் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு, எந்த ரயில், எந்தத் தேதி என்பதையும் சொன்னான்.

நாங்கள் கிளம்ப இருந்தது சமணர்களின் புனித மலையான சிகர்ஜிக்கு, யாத்திரையாக. சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களுமாகச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பொய் சொல்கிறவன் எங்கேயாவது சறுக்குவான் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். காய்க்காரர்கள் சறுக்குவார்கள். இவன் சொன்னதெல்லாம் நிஜம். அவ்வளவு நிஜத்துக்கு நடுவில் அந்த ஒரே ஒரு பொய்யும் நிஜமாகிவிட்டது. என் பெயரை யாரோ எடுத்து எதற்கோ பயன்படுத்திவிட்டார்கள், நான் மாட்டிக்கொண்டேன் என்று நம்பினேன்.

வீடியோவுக்கு வரச் சொன்னான். வந்தேன். உடுப்பு, தொப்பி, பின்னால் கொடி, மேசைமேல் கோப்புக் கட்டு. என்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருப்பதாகச் சொன்னான். அதற்கு அர்த்தம் என்னவென்று கேட்கிற தைரியம்கூட எனக்கு வரவில்லை. கதவைத் தாழிடச் சொன்னான், தாழிட்டேன். ஹெட்செட்டைக் காதில் மாட்டச் சொன்னான், மாட்டினேன். என் முகம் எப்போதும் தெரிய வேண்டும், போன் அணைந்தால் தப்பிக்க முயன்றதாக எழுதிவிடுவார்கள் என்றான். காய் சாம்பிள் போட்டுவைக்கிற தகர டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்து, சார்ஜரில் மாட்டினேன். அந்த ஒயர் என்ன நீளமோ அதுதான் அன்றைக்கு என் உலகம். முளைக்குச்சியில் கட்டிய மாடாவது கயிற்றை இழுத்துப் பார்க்கும். நான் இழுக்கவேயில்லை.

முத்திரை குத்திய ஒரு கைது உத்தரவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் என் ஆதார் போட்டோ இருந்தது. ஆதார் போட்டோவில் யார்தான் நல்லவர்களாகத் தெரிகிறார்கள்? என் முகம் எனக்கே குற்றவாளி முகமாகத்தான் பட்டது.

அடுத்து என் பெண்ணை எடுத்தான். அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். அவள் பெயரையும் விடுதி இருக்கும் தெருவையும் சொல்லி, "உங்க பொண்ணு ஆபீஸ் வாசல்ல எங்க ஆளு நிக்கிறாங்க மேடம். நீங்க ஒத்துழைச்சா அவங்க சும்மா திரும்பிடுவாங்க. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா உங்க பொண்ண வண்டியில ஏத்த வேண்டி வரும்" என்றான். அதற்குப் பிறகு அவன் என்ன சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் "நீங்க படிச்சவங்கதானே, போனை வச்சிட வேண்டியதுதானே" என்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்கள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வருகிறது. கத்தி என் கழுத்தில் இருந்தால் வைத்திருப்பேன். அது என் பெண்ணின் கழுத்தில் இருந்தது.

கணக்கில் இருக்கும் பணத்தை அரசாங்கக் கணக்கு ஒன்றில் போட்டுச் சோதித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்றான். மதியத்துக்குள் என் சொந்தச் சேமிப்புப் போய்விட்டது. மில் கணக்குத்தான் மிச்சம். அதில் இருந்தது எங்கள் பணம் மட்டும் இல்லை. எங்கள் வாய்ச்சொல்லை நம்பிக் காயைக் கொட்டிவிட்டுப் போன விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டியதும் அதில்தான் இருந்தது. அதை எடுக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வரும் போனோ என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில், கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம், அணைந்து கிடந்தது. அவன் வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. "எப்ப வருவாரு?" என்று கேட்டான்.

"பொழுதோட வந்துடுவாரு. சாப்பிடணும் இல்ல" என்றேன்.

'வந்துடுவாரு' என்பதை மட்டும் அவன் காதில் வாங்கிக்கொண்டான். சாப்பாட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு காத்திருந்தோம். அவன் என்னைக் காவல் காத்தான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவன் எழுந்துபோனான், வேறொருவன் வந்து உட்கார்ந்தான். முதல் ஆள் திரும்பி வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். எனக்குத் தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கொல்லைப்புறம் போக வேண்டும் என்று நான் கேட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய்வரச் சொன்னான். வேண்டாம் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அறைக்கு வெளியே, கதவிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மருமகளைத் திட்டுகிறார்கள், சீரியலைத் திட்டுகிறார்கள், என்னையும் கொஞ்சம் திட்டுகிறார்கள். எல்லாம் ஹெட்செட்டைத் தாண்டிக் கேட்கிறது. எந்திரம் ஓடுகிற அதிர்வு நாற்காலிக் காலில் தெரிகிறது. என் மில், என் ஆட்கள், என் இடுப்பில் என் சாவி. ஒரு குரல் கொடுத்தால் அத்தனை பேரும் ஓடி வருவார்கள். அந்த ஒரு குரலை என்னால் கொடுக்க முடியவில்லை.

ஒருத்தி கதவைத் தட்டி, "அம்மா, டீ வந்துடுச்சி. ஆறிப்போவுது" என்றாள்.

"வேணாம், நீ குடி" என்றேன். அவள் போய்விட்டாள். நான் டீ வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். கோபமாக இருப்பது எனக்கு வழக்கம்தானே. வாழ்நாளெல்லாம் சிடுசிடுத்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

எதிர்ச் சுவரில் கேமரா திரை இருந்தது. மில் முழுவதையும், அதை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலையும் நான் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காக ஆசைப்பட்டு மாட்டியது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று அதில் பார்த்துப் பார்த்து அதட்டுவேன். அன்று அதில் எல்லோரும் இஷ்டம்போல நடமாடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இன்னொருவன் திரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மேல் ஜன்னல் வழியாக வந்த வெயில் சுவரில் மெதுவாக ஏறி மஞ்சளானது. நான் அடுப்புப் பற்றவைக்கிற நேரம் வந்தது, போனது. கை தானாக முந்தானையைச் செருகிக்கொண்டு எழப் பார்த்தது. "உக்காருங்க மேடம்" என்றான். உட்கார்ந்தேன். அழுகை வந்தது. பசியாலா பயத்தாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் திரையில் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்துவது தெரிந்தது. வழக்கம்போல அவசர அவசரமாக வந்தார். வாசலில் இருந்த பிளக்கில் போனைச் சொருகினார். கால் கழுவினார். அடுக்களைப் பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வந்துட்டாரு" என்று நானே அவனிடம் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

"கதவைத் திறக்காதீங்க. தலைவலி, படுத்திருக்கேன்னு சொல்லுங்க. சாப்பிடக் கூப்பிட்டா ஒன்பது மணிக்கு மேல சாப்பிட்டுக்கறேன்னு சொல்லுங்க. இப்ப நான் சொல்ற மாதிரி பண்ணுங்க, அவர் போனுக்கு ஓடிபி வரும். ஜிஎஸ்டிக்குன்னு சொல்லி வாங்குங்க" என்று அவன் காதுக்குள் சொன்னான். பாங்குப் பக்கத்தில் அவன் சொன்னதையெல்லாம் நிரப்பி அழுத்தினேன்.

கதவு தட்டப்பட்டது. "இன்னா, தாழ்ப்பா போட்டுக்கினு உள்ள இன்னா பண்ற? அடுப்பே பத்தவைக்கல?"

"தல வலிக்குது. படுத்துக்கினு இருக்கேன். ஒன்பது மணிக்கு மேல சாப்பிட்டுக்கறேன்" என்றேன். அவன் கொடுத்ததை அப்படியே சொன்னேன். என்ன சொல்கிறேன் என்ற நினைப்பே இல்லை.

"ஓடிபி கேளுங்க" என்றது காதுக்குள் இருந்த குரல்.

"உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். ஜிஎஸ்டிக்கு. சொல்லுங்க."

மற்ற நாளாக இருந்தால் நான் கேட்டு முடிப்பதற்குள் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி எண்களைச் சொல்லியிருப்பார். அன்று சொல்லவில்லை.

"எத்தினி மணிக்கு சாப்புடற?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"ராத்திரி ஒன்பது."

"ஆமா."

பிறகு, "சரி, இரு. கண்ணாடி எடுத்துக்கினு வர்றேன். நம்பரு தெரியல" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திரையில் பார்த்தேன். அவர் கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பொறுக்குகிற பெண்களைத் தாண்டி, எந்திரத்தைத் தாண்டி, சுவரோரமாக நடந்தார்.

எங்கள் மில்லில் ஒரு பழக்கம் உண்டு. எந்திரத்தில் எதுவாவது மாட்டிக்கொண்டால் என்ன மாட்டியது, எப்படி மாட்டியது என்று யாரும் குனிந்து பார்க்கக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அவர் மெயினை இறக்கினார்.

கேமரா திரை கறுத்தது. மின்விசிறி நின்றது. எந்திரம் முனகிக்கொண்டே ஓய்ந்தது. கணக்கு அறை நாலு பக்கமும் கான்கிரீட், அதற்குள் சிக்னல் கிடைக்காது, வைஃபையில்தான் போன் ஓடும். வைஃபை போனதும் அவன் முகம் அப்படியே உறைந்து, வாய் பாதி திறந்தபடி நின்றுபோனது.

அந்த நொடி எனக்கு விடுதலையாக இருந்தது என்று சொன்னால் பொய். பகல் முழுவதும் இருந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே ஓடி, சிக்னல் தேடிக் கையைத் தூக்கிப் பிடித்தேன். "இன்னா வேல பண்ணீங்க? நம்ம பொண்ண புடிச்சிக்கினு போயிடுவானுங்க. மெயின போடுங்க, ஜல்தி போடுங்க" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். என்னைக் கட்டிவைத்தவனிடம் திரும்பப் போவதற்காக, அவிழ்த்துவிட்டவரை அடிக்கக் கை ஓங்கினேன். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தார். டீ கொண்டுவந்தவளின் போனை வாங்கி, எங்கள் பெண்ணைக் கூப்பிட்டு என் காதில் வைத்தார்.

"யாரு? அம்மாவா? மீட்டிங்ல இருக்கேம்மா, இன்னா?" என்றாள் என் பெண். கொஞ்சம் எரிச்சலாகத்தான் பேசினாள். அந்த எரிச்சலைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. மல்லாட்டைத் தோலுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடிந்து நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. அதற்குமேல் என்னால் சாப்பிட முடியாது. அவராலும் முடியாது. சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி, பாங்குக்கும் பேசி முடித்தோம். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து எங்கிட்ட எத்தினியோ பொய் சொல்லிக்கினுதான் இருக்க" என்றார். "ஆனா இந்தப் பொய்ய நீ சொல்ல மாட்ட."

மறுநாள் விடிந்ததும் சாப்பிட்டுவிட்டு விழுப்புரம் போனோம். சைபர் போலீஸில் ஒரு பெண் அதிகாரி எங்கள் புகாரை எழுதிக்கொண்டார். அவர் உடுப்பைப் பார்த்ததும் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "போன்ல யாரையும் கைது பண்றதுக்கு சட்டமே இல்லம்மா. பண்ணணும்னா வண்டியில பெட்ரோல் போட்டுக்கினு நாங்களே நேர்ல வருவோம்" என்றார். சிரிக்க முயன்றேன். என் சேமிப்பில் ஒரு பகுதியைப் போகிற வழியில் முடக்கிவிட்டார்கள். மற்றது போனது போனதுதான். விவசாயிகள் பணம் மட்டும் தப்பியது.

எங்கள் விவரமெல்லாம் எங்கிருந்து போனது என்பதையும் அவர்தான் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். யாத்திரைக்கு டிக்கெட் எடுப்பதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருந்தார்கள். ஆதாரைப் போட்டோ எடுத்து அதில் போடச் சொன்னார்கள். எல்லோரும் போட்டோம். என்னுடையது, அவருடையது, பெண்ணுடையது, அவள் தங்கியிருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம் உட்பட. டிக்கெட் வந்ததும் அதையும் போட்டார்கள். குழுவில் சேரும் இணைப்பை யாரோ இன்னொரு குழுவில் போட, அதிலிருந்து ஒரு எண் உள்ளே வந்திருக்கிறது. அந்த எண்ணுக்குப் பெயர் இல்லை. முகப்புப் படமாக ஒரு தீர்த்தங்கரர் உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடி, அமைதியாக. அவரைப் பார்த்து யார் என்று கேட்க எங்களில் யாருக்கு மனசு வரும்? நீங்கள் யார் என்று சாமியையா கேட்பது? மேல்சித்தாமூர்க்காரர் என்று செஞ்சிக்காரர்கள் நினைத்தார்கள். செஞ்சிக்காரர் என்று நாங்கள் நினைத்தோம். ஒரு மாதமாக அந்த எண் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது.

குழுவைக் கலைத்துவிட்டார்கள். படங்களை அழிக்கச் சொன்னோம், எல்லோரும் அழித்தார்கள். அழிக்க வேண்டிய ஆள் அழித்திருக்க மாட்டான். இது புரிந்த பிறகு எனக்குச் சில நாள் தூக்கமே இல்லை. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றிவிடலாம். பாஸ்வேர்டையும் மாற்றினோம். முன்பு மில் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று என்று வைத்து, மறக்காமல் இருக்கக் காலண்டரில் வேறு எழுதியிருந்தேன். இப்போது அப்படி இல்லை. ஓடிபி ஏலமும் நின்றுவிட்டது. ஆனால் என் அப்பாவின் பெயரை எப்படி மாற்றுவது? நான் பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது? எங்கேயோ எவனோ ஒருவன் கையில் நான் இன்னும் இருக்கிறேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஆனாலும் அந்த அறையிலிருந்து முழுதாக வெளியே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் என் பெண் ஓடிவந்தாள். உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் போனையும் சரிசெய்தாள். எதற்கெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கே உரிய பொறுமையின்மையோடு, ஆனால் நடுநடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டே. மத்தியான வெயிலில் மூவரும் மில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"நம்ம மூணு பேருக்குள்ள ஒரு அடையாளம் வச்சிக்கலாம். யாருக்கு எங்க ஆபத்துன்னாலும், எவன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாலும், போன்ல 'அப்புறம் சாப்பிட்டுக்கறேன்'னு சொல்லணும். அதக் கேட்டா மத்தவங்க புரிஞ்சிக்கணும். வெளியாளுக்குப் புரியாது."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. என்னைக் காப்பாற்றிய சொல் அதுதானே. பெண்ணைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தரையில் கிடந்த ஒரு மல்லாட்டைத் தோலை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது வேணாம்மா" என்றாள்.

"ஏன்?"

"நான் அங்க தெனமும் அப்புறம்தாம்மா சாப்பிடறேன்."

தினமும் சாயந்தரம் நான் சாப்பிட உட்காரும் முன் அவளைக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்பேன். ஆச்சும்மா என்பாள். ஒரு நாள்கூடத் தவறாமல், ஒரு நொடிகூட யோசிக்காமல், ஆச்சும்மா. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து. ஆபீஸ் முடிந்து விடுதிக்கு வருவதற்கே இருட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? நான்தான் கணக்குப் போட்டுப் பார்க்கவேயில்லை. முன்பே இது தெரிந்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும். இவள் கழுத்துக்காகத்தான் ஒரு பகல் முழுவதும் ஒயருக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தேன். இவள் எப்போது சாப்பிட்டால் என்ன?

என் வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அப்ப உனக்கு இன்னா வைக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கூப்பிடறப்ப 'இன்னும் சாப்பிடலம்மா'ன்னு சொன்னேன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்" என்றாள். "'ஆச்சும்மா'ன்னு சொன்னேன்னாத்தான் ஓடி வரணும்."

இப்போதும் தினமும் வெயில் இறங்குகிற நேரத்தில் அவளைக் கூப்பிடுகிறேன். சாப்பிட்டியா என்று கேட்கிறேன். அவள் பதில் சொல்வதற்கு முன் வருகிற அந்தச் சின்ன இடைவெளியில், ஒவ்வொரு நாளும், எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

"இன்னும் இல்லம்மா" என்கிறாள்.

போனை வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் நாங்கள் சாப்பிட உட்காருகிறோம்.